இருநூறு மீட்டர் ஈரம்

நகராட்சியில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் என்றால் ஊரில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பெயரைச் சொல்லிக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. இருபத்து மூன்று வருடமாக ஒரே லாரி. ஒன்பதாயிரம் லிட்டர் தொட்டி. இடப்பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்காது. மூன்றாவது கியர் கெஞ்சினால்தான் விழும். கோடையில் குழாய் வறண்ட தெருக்களுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோவார். மற்ற நாட்களில் நகராட்சி எதைச் சொல்கிறதோ அது. வாளிகளோடு ஜனங்கள் முண்டியடிக்கும்போதுகூட அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. 'வரிசையா வாங்க' என்பதைக் கையால்தான் சொல்வார்.

பேச்சையெல்லாம் அவர் வீட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்தார். வீட்டில் மனைவி இருந்தாள். தையல்காரி. இரண்டாம் மாடியில் ஜன்னலோரமாக அவளுடைய மெஷின். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் சீருடைகளும் ஊராரின் ஜன்னல் திரைகளும் அங்கேதான் தைக்கப்பட்டன. மகளைக் கட்டிக்கொடுத்து அனுப்பிய பிறகு அந்த மெஷின் சத்தம்தான் வீட்டுக்கு உயிர்.

எழுத்தில் இருப்பதை நம்புகிறவள் அவள். மருந்து டப்பாவுக்குள் எட்டாக மடித்துத் திணித்திருப்பார்களே ஒரு காகிதம், கம்பெனிக்காரனே படித்திருக்க மாட்டான், அதை முதலிலிருந்து கடைசிவரை படிப்பாள். 'நன்றாகக் குலுக்கவும்' என்று இருந்தால் பத்துத் தடவை குலுக்குவாள். அவர் கேலி செய்தால், "யாரோ ஒருத்தர் மெனக்கெட்டு எழுதியிருக்காங்கல்ல? சும்மாவா எழுதுவாங்க?" என்பாள்.

மருந்துக் காகிதம் படிக்கிற பழக்கம் இழுப்பு நோயால் வந்தது. முப்பது வயதில் ஆரம்பித்த இழுப்பு. ஊரும் அதற்குத் தோதான ஊர். கிழக்கே சிமெண்டு ஆலை, மேற்கே எப்போதும் புகைந்துகொண்டிருக்கும் குப்பைமேடு, இரண்டுக்கும் நடுவே நாள் முழுக்க லாரிகள் ஓடுகிற புறவழிச் சாலை. துவைத்து உலர்த்திய சட்டையை மறுபடி துவைக்கலாம் போல இருக்கும்.

அரசாங்கம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. ஐந்து வருடத்தில் தூய காற்று என்று அறிவித்தது. அறிவித்தது என்றால் சாதாரணமாக அல்ல. பேருந்து நிலையத்தையே மறைக்கிற அளவுக்குப் பதாகை வைத்தது.

ஜனங்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். இதற்கு முன்பும் வாக்குறுதிகள் வந்திருந்தன. நட்ட மரக்கன்றுகள் போய்விட்டன, அவற்றைச் சுற்றி வைத்த இரும்புக் கூண்டுகள் மட்டும் நின்றன. அதில் ஆட்டைக் கட்டினார்கள். சைக்கிளுக்கென்று பச்சைச் சாயம் பூசிய பாதையில் கார்கள் நின்றன. மூக்கு முகத்தில் இருப்பதே அரசாங்கத்துக்குத் தெரியாது என்று நாலு ரோடு சந்திப்பில் சலூன் வைத்திருக்கும் முடிதிருத்துபவர் சொல்வார். அவருடைய கடையில் உட்காருகிறவர்கள் தலையை ஆட்ட முடியாது, கத்தி கழுத்தில் இருக்கும். ஆனாலும் எல்லோருக்கும் சம்மதம்தான்.

தூய காற்றின் முதல் அடையாளமாக ஒரு பெட்டி வந்தது. வெள்ளை நிறம், ஆள் உயரம், மேலே புகைபோக்கி மாதிரி ஒரு குழாய். சந்திப்பில், நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே அதை வைத்துவிட்டு, பக்கத்தில் உயரமான கம்பத்தில் ஒரு பலகையும் மாட்டினார்கள். பெட்டி காற்றை இழுத்து அளக்கும். பலகையில் எண் வரும், எண்ணுக்கு மேலே விளக்கு எரியும். காற்று நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், கெட்டிருந்தால் சிவப்பு. முதல் வாரம் முழுக்கச் சிவப்பே எரிந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு, இருநூற்று நாற்பது. அந்த ஒரு வாரம் மட்டும் முடிதிருத்துபவர் அரசாங்கத்தைப் பாராட்டினார்.

எட்டாம் நாள் காலையில் சூப்பர்வைசர் லாரிக்காரரைக் கூப்பிட்டார்.

"நாளையிலேர்ந்து உங்களுக்குப் புது வேலை. காலைல ஆறு மணிக்கு ஒரு நடை, மத்தியானம் மூணு மணிக்கு ஒரு நடை. சந்திப்புல ரோடு நல்லா நனையணும். பெட்டியைச் சுத்தி இருநூறு மீட்டர்."

"மத்த ரோடுங்க?"

"மத்த ரோட்ல பெட்டி இருக்கா?"

அவர் மறுநாள் ஆறு மணிக்குப் போய், லாரியின் பின்னால் இருக்கும் ஓட்டைக் குழாயின் வால்வைத் திறந்தார். தூசி அடங்கியது. மண்வாசனைகூட வந்தது. ஒன்பது மணிக்குப் பலகை எழுபத்தெட்டு காட்டியது, பச்சை எரிந்தது. உண்மையைச் சொன்னால் அன்றைக்கு அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வாகனம் ஓட்டுகிறவனுக்கு, தான் செய்த வேலையின் பலன் எண்ணாகத் தெரிவது அபூர்வம். சிகரெட் பிடிக்கிற மற்ற டிரைவர்களிடம், "என் தண்ணிக்குப் பச்சை எரியுது பாரு," என்றுகூடச் சொன்னார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவர்களுக்கு ஆச்சரியம்.

ஊர் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டது. "அரசாங்கம் நமக்குத் தண்ணி காட்டுதுன்னு சும்மா பேச்சுக்குச் சொல்வோம். இப்ப லாரி வெச்சு நிஜமாவே காட்டுறாங்கப்பா," என்றார் முடிதிருத்துபவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்ததோடு விஷயம் முடிந்தது. யாரும் நம்பாத பலகையால் யாருக்கு என்ன கெடுதல் என்று லாரிக்காரர் நினைத்தார். அப்படித்தான் வால்வைத் திறந்துகொண்டிருந்தார், இரண்டு மாதம்.

அந்த இரண்டு மாதத்தில் மனைவிக்கு இழுப்பு கூடியது. இன்ஹேலர் மாதக் கடைசிவரை வராமல் இருபதாம் தேதியே தீர்ந்தது. மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்தி, துணியின் மேல் கையை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருப்பாள். "என்னம்மா?" என்று கேட்டால், "நூல் சிக்கிக்கிச்சு," என்பாள். பீரோவைச் சுத்தம் செய்தாள். மகளுக்கு என்று சில துணிகளைத் தனியாகக் கட்டி வைத்தாள். எரிவாயுச் சீட்டு எங்கே, மின்சார அட்டை எங்கே என்று அவரிடம் ஒருநாள் உட்காரவைத்துக் காட்டினாள். "இதெல்லாம் எனக்கு எதுக்கு?" என்றார். "தெரிஞ்சு வெச்சுக்கங்க, நல்லதுதானே," என்றாள்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் அவர் மூன்று மணி நடைக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருக்கும்போது கீழ்வீட்டுக்காரர் போன் செய்தார். மனைவி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாளாம், எழுந்திருக்க முடியவில்லையாம். அவர் குழாயை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டி மருந்துப்புகை கொடுத்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூச்சு ஒழுங்குக்கு வந்தது. பெண் டாக்டர், அவளை நான்கு வருடமாகப் பார்க்கிறவர், கட்டிலோரம் நின்று கேட்டார்.

"வெளியே போனீங்களா?"

"நடக்கப் போனேன் டாக்டர். நீங்கதானே சொன்னீங்க, காத்து நல்லா இருக்கிற நாளா பார்த்து நடங்கன்னு."

"எப்படிப் பார்த்தீங்க?"

"எங்க பால்கனியிலேர்ந்து அந்தப் பலகை தெரியும். பச்சை எரிஞ்சாத்தான் இறங்குவேன். சிவப்பு, மஞ்சள்னா காலை வெளியே வைக்க மாட்டேன். புறவழி ரோடு வரைக்கும் போய்ட்டு வருவேன்." ரகசியம் வெளிவந்துவிட்டதில் வெட்கப்பட்டு, கணவர் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். "இவருக்குத் தெரியாது. நல்லா நடக்கப் பழகிட்டு, ஒருநாள் இவர் லாரி நிக்கிற டிப்போ வரைக்கும் நடந்து போய் இவர் முன்னாடி நிக்கலாம்னு இருந்தேன்."

அவர் கையில் அவளுடைய மருத்துவக் கோப்பு இருந்தது. அதை இறுக்கிப் பிடித்ததில் அட்டை மடங்கியது. டாக்டர் ஏதோ சொன்னார், மாத்திரை மாற்றித் தருகிறேன் என்றோ என்னவோ. அவர் காதில் விழவில்லை. வாட்டர் டேங்க் பக்கம் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தார். குடிக்கவில்லை. குழாயைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்த இரண்டு நாளும் அவரால் சொல்ல முடியவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், அவளைக் கட்டிலில் உட்காரவைத்து, தலையணையை முதுகுக்குப் பின்னால் வைத்து, எதிரே மெஷின் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"அந்தப் பச்சை பொய்ம்மா."

"எந்தப் பச்சை?"

"பலகையில எரியுதே. நான்தான் எரிய வெச்சேன்." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். ஆறு மணி, மூன்று மணி, இருநூறு மீட்டர். அந்த ஈரத்துக்கு அப்பால் புறவழிச் சாலையில் காற்று எப்போதும் போலத்தான் இருந்தது என்பதையும் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் காலைப் பார்த்துச் சொன்னார்.

திட்டப்போகிறாள் என்று காத்திருந்தார். அழுவாளோ என்றும் பயந்தார்.

"அப்போ காத்துதான் கெட்டதா?" என்று கேட்டாள். "நான் இல்லையா?"

அவருக்குப் புரியவில்லை.

"பச்சை எரியுது, காத்து நல்லா இருக்கு, எனக்கு மட்டும் மூச்சு முட்டுது. அப்போ என் நுரையீரல்தான் போச்சுன்னு நெனச்சேன். மருந்துக் காகிதத்துல போட்டிருக்கு, நல்ல காத்துலயும் மூச்சு முட்டினா நோய் முத்திடுச்சுன்னு அர்த்தம்னு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அதான் சீட்டெல்லாம் எடுத்துக் காட்டினேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வந்தது. அவர் முக்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அப்படி உட்கார்ந்ததில்லை. அவள் அவர் தலைமுடியில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூசியைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

கோபம் பிறகுதான் வந்தது. மறுநாள் காலையில், தட்டை நங்கென்று வைத்தாள். "ரெண்டு மாசம்! ரெண்டு மாசமா நான் சாகப்போறேன்னு நெனச்சுக்கிட்டுத் தெச்சிருக்கேன். எத்தனை சட்டையில கையைத் தப்பா வெச்சேனோ!"

"யாரும் நம்பலையேன்னு நெனச்சேம்மா."

"நான் நம்பினேனே. நான் யாருமில்லையா?" கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் மட்டும் இல்லை. பள்ளிக்கூடத்துல என்ன பண்றாங்க தெரியுமா? அளவெடுக்கப் போனப்ப டீச்சர் சொன்னாங்க. பச்சை எரிஞ்சாத்தான் புள்ளைங்களை மைதானத்துக்கு விடணுமாம், மேலேர்ந்து உத்தரவு. நம்பறாங்களோ இல்லையோ, உத்தரவுப்படி விடுறாங்க. மைதானம் புறவழி ரோட்டுக்குப் பக்கத்துல."

திங்கட்கிழமை ஆறு மணிக்கு அவர் சந்திப்பில் லாரியை நிறுத்தவில்லை. நேராகப் புறவழிச் சாலைக்கு ஓட்டிப்போய், மைதானத்தின் நீளம் முழுக்கத் தொட்டியைக் காலி செய்தார். ஒன்பது மணிக்குப் பலகையில் இருநூற்று முப்பத்தொன்று. சூப்பர்வைசர் மூச்சிரைக்க வந்தார்.

"என்னய்யா பண்ணி வெச்சிருக்கீங்க? அடுத்த மாசம் தலைமை அலுவலகத்துலேர்ந்து பெரிய அதிகாரி வர்றார்!"

"தூசி எங்க இருக்கோ அங்க அடிச்சேங்க."

"உங்களைத் தூசி பார்க்கச் சொன்னாங்களா? பெட்டியைப் பார்க்கச் சொன்னாங்க."

"பெட்டிக்கு இழுப்பு இல்லீங்க," என்றார் அவர்.

சூப்பர்வைசர் கெட்டவர் இல்லை. அவருக்கும் மேலே ஒருவர், அவருக்கும் மேலே ஒருவர். தலையில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். புதன்கிழமை மாற்றல் உத்தரவு வந்தது: தண்ணீர் லாரியிலிருந்து சாக்கடை உறிஞ்சும் லாரிக்கு. வேறு டிரைவர் சந்திப்புக்கு வந்தார். வெள்ளிக்கிழமையிலிருந்து பலகையில் பழையபடி பச்சை.

அவர் செய்ததால் ஒன்றும் மாறவில்லை. மாறியது அவருடைய வாசனை மட்டும்தான். வீட்டுக்கு வந்தால் படியிலேயே நிற்கவைத்து, "அப்படியே குளியலறைக்குப் போங்க, எதையும் தொடாதீங்க," என்பாள் மனைவி. இரண்டு தடவை சோப்புப் போட்ட பிறகுதான் டீ.

பெரிய அதிகாரி வந்தார். நகராட்சி அரங்கில் பொதுமக்கள் கூட்டம். மாடியில் அரங்கு, இருபத்திரண்டு படி. மனைவி வருவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். இரண்டு இடத்தில் நின்று, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். உள்ளே நாற்பது ஐம்பது பேர். முடிதிருத்துபவர் கடையை அடைத்துவிட்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்; வேடிக்கை பார்ப்பதில் அவருக்குச் சோம்பல் கிடையாது.

அதிகாரி திரையில் ஒரு கோடு காட்டினார். கோடு மேலிருந்து கீழே இறங்கியது. ஊரின் மாசு பாதிக்கு மேல் குறைந்துவிட்டது என்றார். அரங்கில் ஒரு சிரிப்பு ஓடியது. அதிகாரிக்கு அது பழக்கப்பட்ட சிரிப்பு போல. நிறுத்தாமல் பேசி முடித்து, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

மனைவி எழுந்தாள். "ஐயா, நான் உங்க பலகையைப் பார்த்துத்தான்..." அவ்வளவுதான். படியேறிய களைப்பு, கூட்டத்தின் புழுக்கம், இருமல் பிடித்துக்கொண்டது. நாற்காலியைப் பிடித்துக்கொண்டு இருமினாள்.

"அம்மாவுக்குத் தண்ணி குடுங்க," என்றார் அதிகாரி, உண்மையான கரிசனத்தோடு. "வேற யாராவது?"

லாரிக்காரர் எழுந்தார். ஐம்பது பேர் நடுவில் எழுந்து நிற்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. மனதுக்குள் தயார் செய்து வைத்திருந்த வாக்கியம் எல்லாம் மறந்துபோய், வாயில் வந்ததைச் சொன்னார்.

"தண்ணி அடிச்சது நான்தாங்க."

அரங்கு வெடித்துச் சிரித்தது. "காலங்காத்தாலயேவா?" என்று ஒரு குரல். முடிதிருத்துபவர் தொடையில் தட்டிச் சிரித்தார். அதிகாரிகூட உதட்டைக் கடித்துக்கொண்டார். லாரிக்காரருக்குக் காது சூடாகிவிட்டது. பக்கத்தில் மனைவி இருமலுக்கு நடுவே அவர் சட்டையின் ஓரத்தைப் பிடித்து ஒரு இழு இழுத்தாள். உட்காருங்கள் என்ற இழுப்பு அல்ல அது. மேலே சொல்லுங்கள் என்பது.

"நான் குடிக்கிறதைச் சொல்லலீங்க. ரோட்ல அடிச்சதைச் சொல்றேன். பெட்டியைச் சுத்தி. காலைல ஆறு மணிக்கு, மத்தியானம் மூணு மணிக்கு. உங்க கோடு கீழே எறங்குதே, அது நான் எறக்கினது. இவங்க என் சம்சாரம். அதை நம்பி நடந்து, ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. புள்ளைங்களையும் அதைப் பார்த்துத்தான் வெளையாட விடுறாங்க. நீங்க காத்தைச் சுத்தம் பண்ணலைன்னாலும் பரவால்லீங்க. அது கஷ்டமான வேலைன்னு எங்களுக்கும் தெரியும். கெட்டிருக்குன்னா கெட்டிருக்குன்னு சொல்லிடுங்க. நாங்க வீட்டுக்குள்ள இருந்துக்கறோம்."

சிரிப்பு நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவருக்குத் தெரியவில்லை. முடிதிருத்துபவர் திரும்பி உட்கார்ந்து அந்த அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். விசாரிக்கப்படும் என்றார்.

விசாரித்தார்கள். தண்ணீர் தெளித்தது தூசிக் கட்டுப்பாட்டு விதிகளின்படி சரிதான் என்று அறிக்கை வந்தது. அனுமதியில்லாமல் பேசியதற்கு லாரிக்காரருக்கு எச்சரிக்கைக் கடிதம். மனைவி அதையும் முதலிலிருந்து கடைசிவரை படித்துவிட்டு, "மூணு எழுத்துப்பிழை," என்றாள். ஆனால் எட்டு மாதம் கழித்து, யார் சொல்லி என்று யாருக்கும் தெரியாது, ஒரு வண்டி வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பள்ளிக்கூடத்து மொட்டை மாடியில் வைத்தது. அங்கே தண்ணீர் லாரி ஏறாது. பலகையில் பெரும்பாலும் சிவப்பு எரிந்தது, சில நாள் மஞ்சள். பிள்ளைகள் வகுப்பறையிலேயே குதித்தார்கள்.

"இதையும் நம்பாதீங்க," என்றார் முடிதிருத்துபவர்.

"சிவப்பாத்தானே எரியுது?" என்றார் முடிவெட்ட உட்கார்ந்திருந்தவர்.

"அதான் சந்தேகமா இருக்கு. அரசாங்கம் எதுக்குத் திடீர்னு உண்மை சொல்லுது?" இப்படிச் சொன்னாலும் அவர் ஒன்று செய்தார். லாரிக்காரரின் மனைவி எப்போதாவது அந்தப் பக்கம் நடந்து வந்தால் கடையிலிருந்து ஒரு நாற்காலியை வெளியே எடுத்துப் போட்டுவிட்டு, எதுவும் பேசாமல் உள்ளே போய்விடுவார்.

ஐந்து வருடம் முடிந்தது. பதாகையை மாற்றி 'இரண்டாம் கட்டம்' என்று வைத்தார்கள். குப்பைமேட்டின் ஒரு பக்கத்தை மட்டும் மண்போட்டு மூடினார்கள். அது நிஜமாகவே நடந்தது, மேற்கேயிருந்து வருகிற புகை பாதியாகக் குறைந்தது. அதைப் பற்றி மட்டும் யாரும் பதாகை வைக்கவில்லை. லாரிக்காரர் சாக்கடை லாரியிலேயே ஓய்வு பெற்றார்.

இப்போது அவருக்குக் காலையில் ஒரே ஒரு வேலை. விடிந்ததும் இறங்கிப் புறவழிச் சாலை வரைக்கும் போவார். ஓரமாக நிற்கும் ஏதாவது ஒரு காரின் மேல் விரலால் கோடு இழுத்துப் பார்ப்பார். ஆலைப் பக்கத்து மலை தெரிகிறதா என்று பார்ப்பார். நின்று, மூக்கால் இழுத்துப் பார்ப்பார். திரும்பி வந்து மாடியேறுவார். மனைவி செருப்பை எடுத்து வாசலில் வைத்துவிட்டு, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"இன்னைக்கு வேண்டாம்மா," என்பார். பெரும்பாலான நாட்கள் அதுதான் பதில். அவள் முகம் சற்று வாடும். சரி என்று மெஷினில் போய் உட்காருவாள். பொய் சொல்லி அவளைச் சந்தோஷப்படுத்த அவருக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

போன செவ்வாய்க்கிழமை மலை தெளிவாகத் தெரிந்தது. அவர் படியை இரண்டிரண்டாகத் தாண்டி வந்தார். அந்த வயதில் கூடாது. "கெளம்பு," என்றார்.

"நிஜமாவா?"

"மலையில இருக்கிற மரத்தையே எண்ணலாம்."

அவள் போர்வையைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று ஐந்து நிமிடம் யோசித்தாள். அவர் பூட்டைத் தேடினார். அது அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. இறங்கி நடந்தார்கள், அவள் வேகத்துக்கு. சிறு பாலத்துக்குப் பக்கத்தில் வந்ததும் அவள் நின்று, இடுப்பில் கை வைத்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன பார்க்கறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல. இன்னொண்ணு இழு."